அக்குவா 'ரெடி' வரேல்லை: பின் சீற்றுக்குக் கீழ இருக்கிற சின்னப் பற்றரி மாத்திற விபரம் வேணும்

நல்லூர்_அக்குவா:
ரொயோட்டா அக்குவா, என்எச்பி10, 2013. காலமை பவர் பட்டனை அமத்தினால் டாஷ்போட் லைற்றுகள் ஒருக்கா மின்னி மங்குது, உள்ளுக்க 'டக் டக்' எண்டு ரிலேச் சத்தம், 'ரெடி' (ஓடத் தயார் எண்டு டாஷ்போட்டில வாற லைற்) வரேல்லை. வேற வாகனத்தில இருந்து கேபிள் குடுத்தால் உடன வருது, பிறகு பகல் முழுக்க ஒரு குறையும் இல்லை. இரவு விட்டால் காலமை அதே கதை. மல்ரிமீற்றர் 11.9 காட்டுது. ஒரு கராஜில 'ஹைபிரிட் பற்றரி முடிஞ்சுது' எண்டு பெரிய கணக்குச் சொல்லுகினம். ஒரு பற்றரிக் கடையில 38பி20ஆர் போடலாம், பாதி விலை எண்டுகினம். எது சரி? பற்றரி கழட்டினால் பாட்டுக் கேக்கிற திரைச் செற் பூட்டுப்படும் எண்டும் கேள்வி.

கோண்டாவில்_10மிமீ:
ரெண்டும் பிழை.

அக்குவாவில ரெண்டு பற்றரி. பெரிசு 144 வோல்ற், மோட்டரை ஓட்டுறது. சின்னன் 12 வோல்ற். இந்தச் சின்னன் எஞ்சினைச் சுத்திறேல்லை. கொம்பியூற்றர்களை எழுப்பி, பெரிய பற்றரியின்ர மெயின் ரிலேயை மூடுறதுதான் அதின்ர வேலை. அதுக்குக் காணாட்டி பெரிய பற்றரி நிறைஞ்சு கிடந்தாலும் 'ரெடி' வராது. பழைய கார் மாதிரி ஸ்ராட்டர் இழுத்து இழுத்துச் சுத்திற அறிகுறி ஒண்டும் இதில இல்லை. அதாலதான் முதல்நாள் இரவு நல்லா இருந்த வாகனம் அடுத்தநாள் காலமை செத்துக் கிடக்கும்.

பெரிய பற்றரி போனால் கதை வேற: 'ரெடி' வரும், ஆனா சிவப்பு முக்கோணம் எரியும், சீற்றுப் பக்கத்து விசிறி இரையும், ஸ்கானர் (வாகனக் கொம்பியூற்றரை வாசிக்கிற கருவி) போட்டால் பி0ஏ80 போலப் பிழைக் கோட் நிக்கும். கேபிள் குடுத்ததும் ஒழுங்கா ஓடுது எண்டால் சந்தேகம் முழுக்கச் சின்னனிலதான். ஸ்கானர் போடாமல் 'ஹைபிரிட் பற்றரி முடிஞ்சுது' எண்டு சொல்லுற ஆளிட்ட வாகனத்தை விடாதைங்கோ.

இப்ப அளவு. இரவு முழுக்க நிண்ட பிறகு, கதவு திறந்து பத்து நிமிசம் பொறுத்து எடுக்கிற அளவுதான் கணக்கு. 12.7க்கு மேல நிறைவு, 12.4 முக்கால், 12.2 அரை, 12.0 கால்வாசி. உங்கட 11.9 கிட்டத்தட்ட வெறுமை. ஆனா வெறுமை வேற, சாவு வேற. ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயில ஊறவைச்சு அடைச்ச பற்றரி) சார்ச்சரால நாலு அம்பியரில முழுக்க ஏத்தி, ஒரு இரவு கழட்டி வையுங்கோ. காலமையும் 12.6க்கு மேல நிண்டால் பற்றரி குற்றமில்லை, எங்கயோ மின் ஒழுக்கு. 12.3க்குக் கீழ விழுந்தால் பற்றரி. 10.5ஐச் சுத்தி நிண்டால் ஆறு செல்லில ஒண்டு சோட், மேலே பேச ஒண்டுமில்லை.

இன்னொரு சோதனை: பிறேக் மிதிக்காமல் பட்டனை ரெண்டுதரம் அமத்தி, முன் லைற்றைப் போட்டு மூண்டு நிமிசம் விடுங்கோ. 11.5க்குக் கீழ இறங்கினால் மாத்துங்கோ. 'ரெடி' வந்த பிறகு 14 வோல்ற்றை ஒட்டி நிக்க வேணும்; நிண்டால் சார்ச் பண்ணுற பக்கம் சுகம். இதில அல்ரனேற்றர் இல்லை. பெரிய பற்றரியில இருந்து டிசி-டிசி மாற்றிதான் சின்னனுக்கு ஏத்துது.

வடமராட்சி_வயர்மன்:
38பி20ஆர் போடலாம் எண்ட கடைக்காரருக்கு அளவு சரி, இடம் தெரியாது. ரெண்டும் பி20 தான்: நீளம் 197, அகலம் 129 மில்லிமீற்றர். வடிவா உக்காரும், வயரும் எட்டும், வாகனமும் 'ரெடி' வரும். அதுதான் ஆபத்து.

அக்குவாவுக்கு வர்றது எஸ்34பி20ஆர். முன்னுக்கு நிக்கிற 'எஸ்' தான் முக்கியம்: அடைச்ச ஏஜிஎம், பக்கத்தில வாயு வெளியேற ஒரு துளை, அதில ஒரு குழாய் பூட்டி வாகனத்துக்கு வெளிய விடப்பட்டிருக்கும். பற்றரி இருக்கிறது ஆக்கள் இருக்கிற சீற்றுக்குக் கீழ. 38பி20ஆர் தண்ணி விடுற சாதாரண பற்றரி. சார்ச் ஆகேக்க ஐதரசனும் அமில ஆவியும் மூடித் துளையால மேல வரும். குழாய் பூட்ட இடமே இல்லை. பொனற்றுக்குள்ள எண்டால் காத்தோட போயிடும், இங்க பிள்ளையள் இருக்கிற சீற்றுக்குக் கீழ தேங்கும். போதாததுக்கு வயர் முனைகளும் சீற்றின்ர இரும்பும் கறல் பிடிக்கும்.

ஆர், எல் குழப்பமும் வரும், அதையும் சொல்லிவிடுறன். ரெர்மினல் ரெண்டும் உங்களுக்குக் கிட்ட இருக்கிறமாதிரிப் பற்றரியை வையுங்கோ. நேர் முனை வலப்பக்கம் எண்டால் எல், இடப்பக்கம் எண்டால் ஆர். மாறி வாங்கினால் வயர் எட்டாது. எட்டப்பண்ணி இழுத்தால் நேர் வயர் இரும்புச் சட்டத்தில உரசும்.

வேற அளவில 46பி24எல், 46பி24எல்எஸ் எண்டு ரெண்டு வரும். கடைசி 'எஸ்' மொத்த ரெர்மினல். மெல்லிசு நேர்முனை 14.7 மில்லிமீற்றர், மொத்தம் 19.5. மெல்லிய கிளாம்பை மொத்த முனையில சுத்தியலால இறக்கிறவையும் இருக்கினம். ஈயம் மெத்து; முனை உள்ளுக்க உடைஞ்சால் பற்றரி புதுசாவே குப்பை.

சுன்னாகம்_ஸ்பானர்:
வாங்கேக்க ஒரு விசயம். கடையில மீற்றர் வைச்சு அளக்கச் சொல்லுங்கோ. ஏஜிஎம் 12.7க்குக் குறைஞ்சால் தட்டில கனகாலம் கிடந்தது, 12.4க்குக் கீழ எண்டால் விலை குறைச்சாலும் வேண்டாம். ஒட்டி இருக்கிற சார்ச் நாளையும் பாருங்கோ. பழைய பற்றரியைக் குடுத்தால் ஈயத்துக்குக் கழிப்பினம், அதைக் கேட்டு வாங்குங்கோ. உத்தரவாத அட்டையில வாகன இலக்கத்தையும் திகதியையும் கடைக்காரரே எழுத வேணும், வெறும் முத்திரையோட வாங்கி வராதைங்கோ.

நல்லூர்_அக்குவா:
விளங்குது. கழட்டிற ஒழுங்கைச் சொல்லுங்கோ அண்ணை.

கோண்டாவில்_10மிமீ:
வேணும்: 10 மில்லிமீற்றர் ஸ்பானர், அதே அளவு சொக்கற்றும் நீட்டுக் கம்பியும், துணிக் கையுறை, பழைய சேலைத்துண்டு. கை மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் கழட்டி வையுங்கோ. இது அலங்காரப் புத்திமதி இல்லை. 12 வோல்ற் ஷொக் அடிக்காது, ஆனா மோதிரம் ஒரு பக்கம் நேர்முனையிலயும் மற்றப் பக்கம் இரும்பிலயும் பட்டால் தங்கம் சிவக்கும், விரல் வேகும்.

வாகனத்தை 'பி' யில விட்டு, நிப்பாட்டி, ஸ்மார்ட் திறப்பை வீட்டுக்குள்ள கொண்டுபோய் வையுங்கோ. ஒரு கண்ணாடியை இறக்கி விடுங்கோ; கதவு தன்பாட்டில பூட்டினாலும் கை போடலாம். அக்குவாவின்ர பின் கதவு மின்சாரத்தால திறக்கிறது, பற்றரி இல்லாமல் திறவாது. அதுக்குள்ள ஏதும் வேணும் எண்டால் முதல்லயே எடுங்கோ. பிறகு மூண்டு நிமிசம் சும்மா இருங்கோ, கொம்பியூற்றர்கள் தூங்கட்டும்.

பின் சீற் குசனின்ர முன் விளிம்பில ரெண்டு கொளுக்கி இருக்கு. ஒவ்வொண்டாய், கொளுக்கிக்கு நேரே கையை விட்டு நெட்டா மேல இழுங்கோ. நடுவில பிடிச்சு இழுத்தால் கொளுக்கி பிளாஸ்ரிக் உடையும், பிறகு சீற் கடகடக்கும். குசனை முன்னுக்கு வாங்கி எடுத்தால் வலப்பக்கம் மூடிக்குள்ள பற்றரி. செம்மஞ்சள் உறை போட்ட வயர் எது கண்டாலும் அது உயர் வோல்ற், அதில கை வையாதைங்கோ.

மறைமுனை முதல்ல. காரணம்: மறைமுனை வாகன இரும்போட ஒண்டு. நேர்முனையை முதல்ல கழட்டேக்க ஸ்பானரின்ர மற்ற முனை இரும்பில தட்டினால் முழுப் பற்றரியும் ஸ்பானருக்குள்ளால பாயும். மறையை எடுத்துத் துணியில சுத்தி ஒதுக்கிப்போட்டால் அந்தப் பயம் இல்லை. அடுத்து நேர். அடுத்துப் பிடிச்சட்டம். அடுத்து வாயுக் குழாய்; முழங்கை வடிவத் துண்டோட சேத்து மெல்ல உருவுங்கோ. அந்த முழங்கைத் துண்டு புதுப் பற்றரியோட வந்தாலும் வரும், வராமலும் விடும். பழசை எறிய முதல் பாருங்கோ. கனபேர் தவறவிடுறது இதைத்தான்.

பற்றரி 10 கிலோவுக்குக் கிட்ட. குனிஞ்ச இடுப்போட தூக்காமல், முழங்காலைச் சீற் சட்டத்தில ஊண்டித் தூக்குங்கோ.

புதுசை வைச்சு, முதல்ல குழாய் (பிறகு கை போகாது), பிறகு சட்டம், பிறகு நேர், கடைசியா மறை. மறை வைக்கேக்க சின்னப் பொறி ஒண்டு பறக்கும், அது வழமை. ஆனா அதைத் திரும்பத் திரும்பத் தட்டி விளையாட வேண்டாம், ஒரே இறுக்காய் இறுக்குங்கோ. 5, 6 நியூற்றன் மீற்றர் காணும்: சின்ன ஸ்பானரில மணிக்கட்டுப் பலம். கிளாம்பைக் கையால திருகிப் பாத்தால் அசையக் கூடாது.

வடமராட்சி_வயர்மன்:
10மிமீ அண்ணை சொன்னதோட பின்வேலை. கண்ணாடிகளை முழுக்க ஏத்தி, கண்ணாடிப் பட்டனை ரெண்டு மூண்டு செக்கன் மேல இழுத்துப் பிடிச்சால், ஒரே அமத்தில ஏறி இறங்கிற ஓட்டோ வசதி திரும்ப வரும். ஏபிஎஸ், ஸ்ரியரிங் லைற் எரிஞ்சால் ஸ்ரியரிங்கை ரெண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, நேர் றோட்டில கொஞ்சத்தூரம் ஓடுங்கோ, போகும். போகாட்டித்தான் ஸ்கானர்.

கேபிள் குடுக்கிறதில ஒரு எச்சரிக்கை. சீற்றைக் கழட்டத் தேவையில்லை, பொனற்றுக்குள்ள பியூஸ் பெட்டி மூடிக்குக் கீழ அதுக்கெண்டே ஒரு முனை இருக்கு. நேர் அதில, மறை பூச்சில்லாத இரும்பில. கிட்ட நிக்குது எண்டு லொறியில இருந்து எடுக்காதைங்கோ. லொறி 24 வோல்ற். நேர், மறை மாறிக் குடுத்தாலும் 24 குடுத்தாலும் மெயின் பியூஸ் போறது அதிர்ஷ்டம், டிசி-டிசி மாற்றி போறது விதி. உங்கட அக்குவாவில இருந்து பெரிய டீசல் வானுக்குக் குடுக்கிறதையும் விடுங்கோ, மாற்றி ஸ்ராட்டர் இழுக்கச் செய்த சாமான் இல்லை.

தீவகன்:
செற் பூட்டுப்படுற விசயத்தை ஒருத்தரும் சொல்லேல்லை. ஜப்பானில இருந்து வந்த வாகனங்களில அதுதான் பற்றரியைவிடப் பெரிய தலையிடி.

ரொயோட்டாவின்ர டீலர் செற்றுகளில, முதல் சொந்தக்காரர் இரகசிய இலக்கம் போட்டு வைச்சிருந்தால், மின் துண்டிச்சு வந்ததும் அதைக் கேக்கும். ஜப்பானில இருக்கிற மனிசனிட்ட எங்க போய்க் கேக்கிறது? பிழையாய் அடிக்க அடிக்கப் பூட்டு இறுகும். கண்டபடி அடியாதைங்கோ. திரையில ஈஆர்சி எண்டு ஒரு நீட்டு எழுத்து வரும், அதைப் படம் எடுத்து வையுங்கோ. அதை வைச்சுத் திறக்கிற ஆக்கள் இருக்கினம். இன்னொரு வகை 'சரியான வரைபட எஸ்டி அட்டையைப் போடு' எண்டு ஜப்பானில கேக்கும். துறைமுகத்திலயோ வித்த இடத்திலயோ அட்டை காணாமல் போயிருக்கும். பின் கமராவும் அதே திரையிலதான், அதுவும் சேந்து போகும்.

தப்ப வழி: கழட்ட முதல் ஒரு 12 வோல்ற் துணைப் பற்றரியைப் பொனற் முனையில குடுத்து வைச்சு மாத்துறது. செய்யலாம், ஆனா அப்ப நேர்க் கிளாம்ப் கழட்டின பிறகும் உயிரோட இருக்கும். சைக்கிள் ரியூப் துண்டால இறுக்கிச் சுத்துங்கோ. மறைக் கிளாம்ப் பாடிதான், அது பட்டாலும் பறவாயில்லை. ஓபிடி சொக்கற்றில (ஸ்கானர் குத்திற இடம்) பூட்டுற 'மெமரி சேவர்' எண்டால் கதவு திறந்து வைக்கக் கூடாது. உள் லைற்று எல்லாம் சேர்ந்தால் அந்த மெல்லிய வயர் தாங்காது.

கோண்டாவில்_10மிமீ:
தீவகன் சொல்லுறது சரி, ஆனா புதுசாச் செய்யுற ஆளுக்கு உயிருள்ள வயரோட வேலை செய்யச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. செற்றுக்கு இலக்கம் இருக்கோ இல்லையோ எண்டு அமைப்புப் பக்கத்தில பாருங்கோ, இல்லாட்டிப் பயமில்லாமல் கழட்டலாம். அதோட, உங்கட பற்றரி ஏற்கனவே 'டக் டக்' அடிக்கிற அளவுக்கு விழுந்தது. பூட்டுப்பட இருந்தால் அப்பவே பட்டிருக்கும்.

கைதடி_வகன்ஆர்:
இடையில ஒரு கேள்வி. சுசுக்கி வகன் ஆர் எம்எச்34எஸ், ஐடில் ஸ்ரொப் (வாகனம் நிக்கேக்க எஞ்சின் தானா நிக்கிறது) உள்ளது. அதுக்கெண்ட எம்-42ஆர் பற்றரி விலை கூட. ஐடில் ஸ்ரொப் பட்டனை எப்பவும் அமத்தி வைச்சுக்கொண்டு 38பி20ஆர் போட்டால் காணாதே?

சுன்னாகம்_ஸ்பானர்:
காணும். இது பொனற்றுக்குள்ள, வாயுப் பிரச்சினை இல்லை. ஏசி போட்டு ஓடுற எங்கட வெயிலில ஐடில் ஸ்ரொப் நிக்கிறதே கொஞ்ச நேரம். பட்டனை அமத்தினால் சாதாரணக் கார்தான்.

வடமராட்சி_வயர்மன்:
சாதாரணக் கார் இல்லை, அங்கதான் பிழை. அந்தப் பட்டன் எஞ்சின் நிக்கிறதைத்தான் தடுக்கும், சார்ச் பண்ணுற முறையை மாத்தாது. எனெ-சார்ச் (வேகம் குறையேக்க மின் சேக்கிற முறை) உள்ள வாகனத்தில அல்ரனேற்றர் முக்கியமாய் அக்சிலரேற்றர் விடேக்கயும் பிறேக் பிடிக்கேக்கயும்தான் வேலை செய்யும். கொஞ்ச நேரத்தில கூடின மின்னைத் தள்ளும், மற்ற நேரம் பற்றரியை அரைகுறையில விடும். எம்-42ஆர் தகடு அதைக் கெதியா உறிஞ்சச் செய்தது. சாதாரணத் தகடு உறிஞ்சாது; எப்பவும் முக்கால் நிறைவில கிடந்து சல்பேற் பிடிக்கும். ஓடேக்க மீற்றர் 12.6 காட்டுது, அல்ரனேற்றர் போச்சு எண்டு நல்ல அல்ரனேற்றரைக் கழட்டிறவையும் இதாலதான் ஏமாறுகினம்.

ஐடில் ஸ்ரொப் பற்றரியின்ர முதல் எழுத்து அளவைச் சொல்லுறது, அதையும் சொல்லிவிடுறன்: கே எண்டால் பி19, எம் பி20, என் பி24, கியூ டி23, எஸ் டி26. பின்னுக்கு ஆர் இல்லாட்டி எல். தட்டும் பிடிச்சட்டமும் இடம் விட்டால் கே-42ஆர் இருந்த இடத்தில எம்-42ஆர் போடலாம், மறுவளம் வேண்டாம்.

மாத்தின பிறகு ஸ்கானரால பற்றரிப் பதிவை அழிக்க வேணும். கொம்பியூற்றர் பழைய பற்றரி எவ்வளவு மின் விட்டது எண்டு கூட்டிக்கொண்டே வருது. அழிக்காட்டிப் புதுசையும் கிழடு எண்டு நினைச்சு ஐடில் ஸ்ரொப்பைத் தராது. முன் இடப்பக்கச் சீற்றுக்குக் கீழ இருக்கிற லிதியப் பெட்டிக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமில்லை, அதைத் திறவாதைங்கோ.

சுன்னாகம்_ஸ்பானர்:
நீங்கள் சொல்லுறது சரிதான், ஆனா 38பி20ஆரோட ஓடுற வகன் ஆர் யாழ்ப்பாணத்தில எண்ணிக்கையில்லை. கெதியா மாத்த வேண்டி வரும், அவ்வளவுதான். விலையையும் ஆயுளையும் வைச்சுக் கணக்குப் பாருங்கோ.

வடமராட்சி_வயர்மன்:
கணக்குப் பாத்துத்தான் சொல்லுறன். ரெண்டுதரம் மலிவு வாங்கினால் ஒருதரம் சரியானது வாங்கின காசு போயிடும்.

சாவகச்சேரி_கரண்ட்:
பற்றரி மாத்தியும் ரெண்டு மாசத்தில திரும்ப விழுந்தால் ஒழுக்கைப் பாக்க வேணும். வாகனம் தூங்கின பிறகு 20 முதல் 50 மில்லி அம்பியர் இழுக்கலாம். ஜிபிஎஸ் ட்ரக்கர், டாஷ் கமரா, பிறகு பூட்டின அலாம் எண்டு சேத்தால் 200க்கு மேல போகும். கணக்கு லேசு: 200 மில்லி எண்டால் நாளுக்கு 4.8 அம்பியர் மணி. எஸ்34பி20ஆர் மாதிரிச் சின்னப் பற்றரி நாலு நாளில அரைவாசிக்குக் கீழ போயிடும்.

அளக்கிற விதம்: கதவைத் திறந்தபடி வைச்சு அதின்ர பூட்டு நாக்கை ஸ்குறூ டிறைவரால மடக்கி விடுங்கோ, கதவு மூடினதா வாகனம் நினைக்கும். திறப்பு தூரத்தில. மல்ரிமீற்றர் 10 அம்பியர் துளையில, மறைமுனைக்கும் கிளாம்புக்கும் நடுவில. அரை மணித்தியாலம் விட்டு வாசியுங்கோ. அதுக்கிடையில பவர் பட்டனை அமத்தினால் மீற்றரின்ர பியூஸ் போகும். கூடக் காட்டினால் பியூஸைப் பிடுங்கிப் பிடுங்கிப் பாக்கிறது பழைய முறை. புது வாகனத்தில பியூஸைத் திரும்பப் பூட்ட கொம்பியூற்றர் முழிச்சுக்கொண்டு அளவு குழம்பும். பியூஸின்ர முதுகில தெரியிற ரெண்டு புள்ளியில மில்லிவோல்ற் வைச்சுப் பாருங்கோ. பூச்சியம் காட்டாத பியூஸ்தான் கள்ளன்.

ஸ்மார்ட் திறப்பை வாகனத்துக்குக் கிட்டச் சுவரில கொழுவுற வீடுகளிலயும் இந்தப் பிரச்சினை. ரெண்டு மீற்றருக்குள்ள இருந்தால் வாகனமும் திறப்பும் இரவிரவாய்க் கதைச்சுக்கொண்டிருக்கும். திருவிழா நேரம் 'ரெடி' போடாமல் உள்ளுக்க இருந்து பாட்டுக் கேக்கிறதும் நேரே சின்னப் பற்றரியில இருந்துதான்.

தீவகன்:
வெக்கையும் சேத்துக்கொள்ளுங்கோ. வெப்பநிலை 10 பாகை கூட, பற்றரி ஆயுள் ஏறத்தாழப் பாதி எண்டதுதான் பொதுக்கணக்கு. 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிண்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திறந்தது. இங்க ஓடுற கனக்க ஹைபிரிட் பத்து வருசம் தாண்டினது. முதல் பற்றரி இன்னும் இருக்கு எண்டால் அது இனாம்.

தண்ணி விடுற பற்றரி வைச்சிருக்கிறவை கிணத்துத் தண்ணி விடாதைங்கோ. எங்கட தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வர்றது, கரையோரத்தில உப்பும் சேரும். குளோரைட் ஈயத் தகட்டை அரிக்கும். காய்ச்சின தண்ணியும் அதேதான், உப்பு ஆவியாகாது. வடிச்ச தண்ணிதான், தகட்டுக்கு மேல 10 முதல் 15 மில்லிமீற்றர்.

முனையில நீலம், வெள்ளை பூத்தால் அப்பச்சோடா ஒரு மேசைக்கரண்டி, ஒரு கோப்பை சுடுதண்ணி, பழைய பல் பிரஷ். அக்குவாவில ஊத்தாதைங்கோ, துணியை நனைச்சுத் துடையுங்கோ. காய்ஞ்ச பிறகு மெல்லிசாய் வாசலின்.

ஏஜிஎம்மைக் கடைகளில வரிசையாய்க் கோத்துச் சார்ச் பண்ணுற பலகையில குடுக்கவும் வேண்டாம். 14.7 வோல்ற்றுக்கு மேல போனால் உள்ள ஈரம் வாயுவாய்ப் போகும், திரும்ப விட வழியில்லை.

பருத்தித்துறை_பிம்மர்:
ஐரோப்பிய வாகனம் வைச்சிருக்கிற ரெண்டு மூண்டு பேருக்கு: பிஎம்டபிள்யூவில மறைமுனையிலேயே உணரி இருக்கு, மாத்தினதைப் பதிய வேணும். 70 அம்பியர் மணி இருந்த இடத்தில 80 போட்டால் அதையும் கொம்பியூற்றர்ப் பதிவில மாத்த வேணும். பதியாட்டிக் கிழட்டுப் பற்றரிக்கு ஏத்திற மாதிரியே புதுசுக்கும் ஏத்தும். அந்த உணரியைப் பிடிச்சுக் கிளாம்பை நெம்பாதைங்கோ, அது பற்றரியைவிட விலை.

நல்லூர்_அக்குவா:
எஸ்34பி20ஆர் போட்டாச்சு. கடையில 12.8. 'ரெடி' யில 14.1. இரவு நிண்டு காலமை 12.7. தூங்கின பிறகு 160 மில்லி அம்பியர் இழுத்தது, டாஷ் கமராவின்ர வயர் எப்பவும் மின் இருக்கிற பியூஸில குத்தியிருந்தது. ஏசிசி பியூஸுக்கு (வாகனத்தை நிப்பாட்ட மின் நிக்கிறது) மாத்த 30க்கு இறங்கீட்டுது. செற் ஒண்டும் கேக்கேல்லை. பழைய பற்றரியும் தண்ணி விடுறதுதான். வாயுக் குழாய் ஒண்டிலயும் பூட்டாமல் கம்பளத்துக்குக் கீழ மடிஞ்சு கிடந்தது. எடுத்துப் புதுசில பூட்டியிருக்கு.

கோண்டாவில்_10மிமீ:
மடிஞ்சு கிடந்த குழாய் எண்டால் மடிப்பில ஒட்டிப்போயிருக்கும். பற்றரிப் பக்கம் கழட்டி, வாயால ஊதாமல் சைக்கிள் பம்மால மெல்லக் காத்தடியுங்கோ. வாகனத்துக்குக் கீழ முனையில காத்து வருதோ எண்டு ஒராளை குனிஞ்சு பாக்கச் சொல்லுங்கோ. அடியில மண் அடைச்சிருந்தாலும் இருக்கும்.